பரம்பரை பாதி, பழக்கம் பாதியா? இதய நோய்க் கணக்கு எப்படி இயங்குகிறது

அப்பாவுக்கு ஐம்பது வயதில் மாரடைப்பு வந்தது, எனக்கும் வருமா? இப்படிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், பரம்பரை பாதி, பழக்கம் பாதி என்பது. இதைவிடச் சரியான பதிலைத் தேடுவதற்காகவே புள்ளியியலில் சிலர் தங்கள் முனைவர் பட்ட ஆண்டுகளைக் கொடுக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன என்பதை இட்லி மாவை வைத்துப் பார்க்கலாம்.

அரிசி, உளுந்து, வெந்தயம் எந்த அளவில் சேர்ந்தன என்பது மரபணு. ஆட்டி முடித்தபின் அதை மாற்ற முடியாது. அடுக்களையின் வெக்கையும், மாவு வெளியே இருந்த நேரமும் சூழல். மாவு அளவுக்கு மீறிப் புளித்துப்போவது நோய். இப்போது ஒரே ஒரு பாத்திரத்தைக் காட்டி, இந்தப் புளிப்பில் உளுந்தின் பங்கு எவ்வளவு, வெக்கையின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் பதிலே கிடையாது. இரண்டும் சேர்ந்துதான் புளிக்கவைத்தன. ஆயிரம் வீட்டு மாவை அருகருகே வைத்தால்தான் கணக்கு தொடங்கும். அதனால்தான் இந்த ஆய்வுகளுக்கு ஊர் ஊராக ஆட்கள் வேண்டும். பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை சுமார் ஐந்து லட்சம் பேரைச் சேர்த்தது.

முதல் வேலை, எந்தச் சேர்மானம் புளிப்போடு தொடர்புடையது என்று கண்டுபிடிப்பது. டிஎன்ஏவில் ஏறத்தாழ பத்து லட்சம் தனித்தனி இடங்களைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான 5 சதவீத அளவுகோலை வைத்தால், ஒரு தொடர்பும் இல்லாவிட்டாலும் ஐம்பதாயிரம் இடங்கள் தற்செயலாகவே தொடர்புள்ளவைபோலத் தெரியும். ஆகவே அந்த 5 சதவீதத்தைப் பத்து லட்சத்தால் வகுக்கிறார்கள். தற்செயலுக்கு இரண்டு கோடியில் ஒரு வாய்ப்புதான் இருக்க வேண்டும் என்ற அந்தக் கடுமையை நான் பெரிதும் மதிக்கிறேன். அதையும் தாண்டி 2007இல் வெளிவந்தது, ஒன்பதாவது குரோமோசோமின் 9பி21 என்ற பகுதி. அதன் ஆபத்தான வடிவம் ஒரு பிரதி இருந்தாலே மாரடைப்பு வாய்ப்பு கால் பங்கு அளவுக்குக் கூடுகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலானவை இதைவிடச் சிறியவை, ஆளுக்கொரு சிட்டிகை. ஒவ்வொன்றும் எத்தனை பிரதி என்பதை அதன் எடையால், அதாவது விளைவின் அளவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் ஒருவரின் மரபணு மதிப்பெண் வந்துவிடும்.

கடினமான பகுதி அடுத்தது. வெக்கை எல்லா மாவையும் ஒரே மடங்கில் வேகமாகப் புளிக்கவைக்கிறதா, உளுந்து கூடிய மாவை மட்டும் இன்னும் அதிகமாகவா? இதைத்தான் இடைவினை என்கிறார்கள். நேரடி விளைவுக்குச் சமமான அளவில் இடைவினை இருந்தாலும், அதை அதே உறுதியோடு பிடிக்க ஏறத்தாழ நான்கு மடங்கு ஆட்கள் தேவை. போதாக்குறைக்கு, டிஎன்ஏவைத் துல்லியமாகப் படித்துவிடலாம், போன மாதம் என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு வரும் பதிலை அப்படி நம்ப முடியாது. அளவீட்டில் உள்ள பிழை சூழலின் விளைவைப் பெரும்பாலும் சிறியதாகக் காட்டும். அதைச் சரிசெய்யும் முறையை உருவாக்குவதே ஓர் ஆய்வேட்டின் பெரும்பகுதியாக நின்றுவிடலாம்.

மரபணு, பழக்கம் இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் ஒன்றை பாஸ்டனில் அமித் கேரா, சேகர் கதிரேசன் குழுவினர் 2016இல் வெளியிட்டார்கள். 55,685 பேர், 50 மரபணு இடங்கள். மதிப்பெண்ணில் மேல் ஐந்தில் ஒரு பங்கினருக்குக் கீழ் ஐந்தில் ஒரு பங்கினரைவிட 91 சதவீதம் கூடுதல் ஆபத்து. புகைக்காமல் இருப்பது, உடல் பருமன் இல்லாமை, உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு, அந்த மேல் பங்கிலேயே, ஆபத்து 46 சதவீதம் குறைவாக இருந்தது. ஓர் அமெரிக்க மக்கள்குழுவில் பத்தாண்டு ஆபத்து 10.7 சதவீதத்திலிருந்து 5.1 ஆக இறங்கியது. தலையெழுத்து என்று ஒதுங்கிவிடுபவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். ஆபத்தைப் பாதியாக்கினால், நூறில் பத்துப் பேர் நோயாளியாகும் கூட்டத்தில் ஐந்து பேர் தப்புகிறார்கள். நூறில் நான்கு பேர் நோயாளியாகும் கூட்டத்தில் இரண்டு பேர். விகிதம் ஒன்றுதான், ஆனால் கெட்ட சேர்மானம் உள்ளவருக்கே நிழலில் வைப்பதன் பலன் அதிகம்.

இதில் நம்மைத் தொடும் குறை ஒன்று இருக்கிறது. இந்த எடைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து வந்தவை. வேறொரு ஊர் மாவுக்கு அவை அப்படியே பொருந்தாது, மதிப்பெண்ணின் கூர்மை குறைந்துவிடும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வயது முன்னதாகவே வந்திருந்தது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே கணக்கு மங்கலாக இருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டம் சுமார் பத்தாயிரம் பேரின் டிஎன்ஏவைப் படித்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் எடைகளை நமக்கென்று திருத்த டிஎன்ஏ மட்டும் போதாது. அமெரிக்காவின் பிராமிங்ஹாமில் 1948இல் 5,209 பேரோடு தொடங்கியதுபோல, யாருக்கு எந்த வயதில் நோய் வந்தது என்பதைப் பல பத்தாண்டுகள் விடாமல் குறித்துக்கொண்டே வர வேண்டும்.