கேட்டைப் பூட்டினால் கிருமி நிற்குமா?

அத்தை இருக்கும் முதியோர் இல்லத்தில் போன மாதம் மறுபடியும் போர்டு வைத்துவிட்டார்கள். "காய்ச்சல் சீசன். மறு அறிவிப்பு வரை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை." விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கிறது அந்த இல்லம். நான் கேட்டுக்கு வெளியே நின்ற அரை மணி நேரத்தில் பால்காரர் உள்ளே போனார், சமையல் அக்கா போனார், ராத்திரி ஷிப்ட் முடிந்த பணியாளர் ஒருவர் வெளியே வந்து அடுத்த வேலைக்கு பஸ் ஏறினார். அப்போ நான் மட்டும்தான் கிருமியா?

கோபத்தோடு எழுதக்கூடாது என்று ஒரு வாரம் இதைப் பற்றிப் படித்தேன். முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இல்லத்துக்காரர் பயம் நியாயமானது. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் சில சமயம் காய்ச்சலே காட்டாது. சாப்பிட மாட்டார்கள், பேச்சு குழறும், அவ்வளவுதான். நமக்குத் தெரிவதற்குள் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருக்கும்.

2020 தொடக்கத்தில் அமெரிக்காவின் கிர்க்லேண்ட் என்ற ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொரோனா புகுந்தது. மார்ச் 18 வரை அந்த ஒரே இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று. அதில் 101 பேர் அங்கே தங்கியிருந்தவர்கள், 50 பேர் மருத்துவப் பணியாளர்கள், 16 பேர் பார்வையாளர்கள். தங்கியிருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் இறந்தார்கள். விசாரித்தவர்கள் குறித்து வைத்த காரணங்களில் இரண்டு முக்கியம். பணியாளர்கள் உடம்பு சரியில்லாதபோதும் வேலைக்கு வந்தார்கள். ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இதற்காகவே "ஒருவருக்கு ஒரு இல்லம்" என்று உத்தரவு போட்டார்கள்.

நம்ம ஊர்க் கதையும் உண்டு. 2020 ஜூனில் சென்னை ராயபுரத்தில் அரசு குழந்தைகள் காப்பகத்தில் 35 குழந்தைகளுக்குத் தொற்று வந்து, உச்ச நீதிமன்றமே தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. கேட்டில் உறவினர் கூட்டம் நின்ற காலமா அது?

என் தொழில் புத்திக்கு இது நெட்வொர்க் கணக்காகத்தான் தெரிகிறது. ஒரு பணியாளர் ஒரு ஷிப்டில் 10 பேரைக் கவனிக்கிறார் என்று வையுங்கள். குளிப்பாட்ட, சோறு ஊட்ட, துணி மாற்ற, மாத்திரை கொடுக்க, ஆளுக்கு 4 முறை தொட்டால் 40 தொடுகை. ஒருவரைத் தொட்ட கை அடுத்தவரைத் தொடுகிறது. நான் ஞாயிற்றுக்கிழமை வந்து அத்தையை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். வெளியிலிருந்து கிருமி கொண்டுவர என்னாலும் முடியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை 10 கட்டிலுக்குப் பரப்ப என்னால் முடியாது.

இதை அத்தையிடம் போனில் சொன்னேன். பட்டாசு ஆலையில் பல வருஷம் வேலை பார்த்தவர். "ரூமுக்கு நாலு பேர்தான்னு எதுக்குடா வெச்சிருக்கான்? ஆளே வரக்கூடாதுன்னா பட்டாசு யாரு செய்யறது?" என்றார். சரியான கேள்வி. ஆலையில் அறைக்கு அறை இடைவெளி விட்டுக் கட்டுகிறோம், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிறோம், உள்ளே நுழையும்போது உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பிலிருக்கும் மின்னூட்டத்தை இறக்குகிறோம். தீ வரலாம் என்று ஏற்றுக்கொண்டு, வந்தால் ஒரு அறையோடு நிற்கட்டும் என்று போட்ட விதிகள் இவை. (அவற்றை மீறி ஒரே அறையில் ஆட்களை அடைப்பதால் வந்த சாவுகளைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரை.) இல்லத்திலும் அதுதானே தேவை? இந்த 10 கட்டிலுக்கு இந்தப் பணியாளர், அந்த 10 கட்டிலுக்கு அவர், ஒருவருக்கு ஒருவர் மாற வேண்டாம்.

கைகழுவுவதிலும் ஒரு விஷயம். வாசலில் சானிடைசர் பாட்டில் தொங்குகிறது. வாந்தி பேதி கிளப்பும் நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாக அசையாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும். ஸ்கேபிஸ் என்கிற சொறிசிரங்கு இன்னும் கள்ளத்தனமானது. முதல் தடவை ஒட்டிக்கொண்டவருக்கு அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதனால் அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து தடவினால் போதாது, கூட இருப்பவர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஒரே சமயத்தில் தடவ வேண்டும்.

பார்வையாளரை விட்டால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்தில் சோதித்தே பார்த்தார்கள். 2020 மார்ச் 20 முதல் நாடு முழுக்கத் தடை. மே 11 அன்று 26 இல்லங்களில் மட்டும், கட்டுப்பாடுகளோடு, ஒருவருக்கு ஒரு பார்வையாளர் என்று திறந்தார்கள். முதல் மூன்று வாரத்தில் அங்கே புதுத் தொற்று எதுவும் பதிவாகவில்லை.

தடைக்கும் ஒரு விலை இருக்கிறது. கொரோனா தடை முடிந்து அத்தையை நான் முதலில் பார்த்தபோது இடுப்பில் படுக்கைப்புண். நர்ஸ் கவனிக்கவில்லை என்று சண்டை போடவில்லை. அத்தனை பேரை ஒருத்தி எப்படிப் பார்ப்பாள்? வாரா வாரம் அத்தையைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்தது நான்தான். தடை நிறுத்தியது அந்த வேலையையும்தான்.

மேலாளரிடம் இதையெல்லாம் பேசினேன். பணியாளரைக் கட்டில் வாரியாகப் பிரிப்பது ஆள் பற்றாக்குறையில் கஷ்டம் என்றார், காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு என்பதற்கு சிரித்தார். ஆனால் வாரத்துக்கு ஒருநாள், ஒருவருக்கு ஒரு ஆள், காய்ச்சல், இருமல், பேதி இல்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாஸ்க்கோடு, கட்டிலுக்கு நேராகப் போய் வரலாம் என்று ஒத்துக்கொண்டார். வாசலில் ஒரு குழாயும் சோப்பும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். குழாய் செலவு என்னுடையது, பிளம்பர் வியாழக்கிழமை வருகிறார்.