பேச்சின் விலையும் காப்புறுதிப் பத்திரமும்

தமிழிலக்கணம் கற்றார் எவரும் தொல்காப்பியத்துப் பிறப்பியலை அறிவர். உந்தியிலிருந்து எழும் காற்றானது நெஞ்சு, மிடறு, தலை என்னும் மூவிடத்தும் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பனவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகப் பிறக்கும் என்பது ஆசிரியர் கண்ட முடிபு. இவ்வெட்டிடமும் தம்முள் இசைந்து தொழிற்பட்டாலன்றிப் பேச்சுச் செவ்விதின் அமையாது. அவ்விசைவு வாய்க்காத குழந்தைகளும், பாரிசவாதத்தால் அதனை இழந்த முதியோரும் நம்மிடையே உளர். அவர்களுக்குப் பயிற்சி அளிப்போரைப் பேச்சுச் சிகிச்சையாளர் என்கிறோம். அப்பயிற்சிக்குரிய பணத்தைக் கொடுக்க வேண்டியவர் யார்? இலக்கியப் பகுதியில் இவ்வினாவுக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவலாம். ஒரு சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளிலேயே விடை தங்கியிருத்தலின், பண்டிதர்க்கும் இதிற் பங்குண்டு.

சில காலத்துக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். அவர் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஊழியர். அங்கே குழுக் காப்புறுதி உண்டு. நான்கு வயதாகியும் அவருடைய மகனுக்குப் பேச்சு வரவில்லை. தனியார் சிகிச்சையாளரிடம் பல மாதம் கூட்டிச் சென்று, பற்றுச்சீட்டுக்களை யெல்லாம் திரட்டிக் காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்பியிருந்தார். பணம் வரவில்லை; கடிதம் வந்தது. "பண்டிதர் ஐயா, இழந்த பேச்சை மீட்பதுதான் சிகிச்சையாம், இன்னும் வராத பேச்சை வரச்செய்வது சிகிச்சை இல்லையாம். இது என்ன நியாயம்?" என்று கேட்டார். இருந்ததை இழந்தவனுக்கு இரங்கும் சட்டம், என்றும் பெறாதவனுக்கு ஏன் இரங்கவில்லை? அவருடைய வினாவின் சாரம் இதுவே.

இச்சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. காப்புறுதியே மருத்துவத்தைத் தாங்கும் அமெரிக்காவில் இவ்வழக்கு நெடிது நடந்தது. முதியோர்க்கான மெடிக்கெயார் திட்டத்தில், பேச்சுச் சிகிச்சையைச் சட்டம் உடற்பயிற்சிச் சிகிச்சையின் ஒரு கிளையாகவே வகுத்திருந்தது. 1997 ஆம் ஆண்டில் செலவுக்கு வரம்பு விதித்தபோது, அவ்விரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,500 டொலர் என்றனர். தொழில்வழிச் சிகிச்சைக்கோ தனியாக 1,500 டொலர் கிடைத்தது. பாரிசவாதத்தால் காலும் நாவும் ஒருங்கே தளர்ந்தவர், நடையைத் தேடுவதா பேச்சைத் தேடுவதா என்று ஒரே பணப்பையைப் பார்த்துக் கலங்க வேண்டியதாயிற்று. தனித்துத் தொழில் நடத்தும் பேச்சுச் சிகிச்சையாளர் அத்திட்டத்திடம் தம் பெயரிலேயே பணம் கோரும் உரிமையை 2009 ஆம் ஆண்டு யூலை மாதத்திற்றான் பெற்றனர். அவ்வரம்பு நீங்கியது 2018 இல். சொல்லின் வகுப்பில் நேர்ந்த மயக்கம் வாழ்வில் எத்துணைத் துன்பம் விளைத்தது பாருங்கள்!

என் மாணவர் கேட்ட கேள்விக்கும் அந்நாட்டில் ஒருவாறு விடை பிறந்தது. 2010 ஆம் ஆண்டுச் சட்டம், இழந்த ஆற்றலை மீட்டல், இல்லாத ஆற்றலை ஆக்கல் என்னும் இரண்டையும் அடிப்படை மருத்துவ நலன்களுள் வைத்தது. 2014 முதல் தனியாளும் சிறு நிறுவனங்களும் வாங்கும் காப்புறுதிகள் அவற்றுக்குக் கட்டுப்பட்டன. அவ்வாண்டிலேயே, பணம் கோரும் பத்திரத்தில் பேச்சு மதிப்பீட்டுக்கு இருந்த ஒற்றை எண்ணை நான்காகப் பிரித்துத் திக்குதல், ஒலிப்பு, ஒலிப்புடன் மொழியறிவு, குரல் எனத் தனித்தனி எண் வகுத்தனர். இந்தியாவிலும் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளை, 'நிராமயா' என்னும் திட்டத்தின்கீழ் ஓட்டிசம், மூளை முடக்குவாதம் முதலிய குறையுடையோர்க்கு ஓர் இலட்சம் ரூபா வரை காப்புறுதி அளிக்கிறது. வைத்தியசாலையில் தங்காது பெறும் பயிற்சியும் அதனுள் அடங்கும்.

நம் நாட்டு நிலை வேறு. இங்கே அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். இது பெரும் பேறு. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், இராகமையில், 1997 ஆம் ஆண்டு பேச்சுச் சிகிச்சைக் கல்வி தொடங்கிற்று. ஆயினும் தமிழிற் பயிற்சியளிக்க வல்லார் தொகை தேவைக்கு மிகக் குறைவு. மட்டக்களப்புக் குழந்தைக்கு மட்டக்களப்புப் பேச்சிலேயே பயிற்சி வேண்டும். அதனைப் பிறமொழியிற் கற்பித்தல் இயலாது. இலவசம் என்பதும் முழு இலவசம் அன்று. படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வரும் ஒரு கூலித் தொழிலாளிக்கு ஒரு தவணைப் பயிற்சி என்பது ஒரு நாட் கூலி. 2014 இல் திறந்த மண்முனைப் பாலம் வழியைக் குறுக்கியது, கூலியிழப்பைக் குறைக்கவில்லை. அவ்விழப்பைக் கோரும் பத்திரம் எங்கும் இல்லை.

அரசாங்க ஊழியர்க்கு 'அக்ரஹார' காப்புறுதி உண்டு. அதனை 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. ஆசிரியராகிய நாமும் மாதந்தோறும் அதற்குப் பணம் செலுத்துகிறோம். பொதுவாகக் காப்புறுதி என்பது கட்டிலிற் கிடந்த நாட்களை எண்ணுவதிற் பழகியது. பேச்சோ கட்டிலில் வளர்வதன்று. வாரந்தோறும் அரைமணி நேரமாக, மாதக் கணக்கில், தாயின் மடியிலும் பள்ளி வாங்கிலும் வளர்வது.

ஆதலின் நம்மாலாவன சில உள. பிள்ளைக்காகப் பணம் கோரும் பெற்றோர், வைத்தியரின் பரிந்துரைக் கடிதம், முதன்மதிப்பீட்டு அறிக்கை, பயிற்சியின் நோக்கமும் கால அளவும், ஒவ்வொரு தவணையின் திகதி, பிள்ளை அடைந்த முன்னேற்றம், பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒழுங்காகக் காக்க வேண்டும். 'பேசவில்லை' என்று வாளா எழுதுதல் போதாது. எவ்வொலி பிறக்கவில்லை, எவ்வாக்கியம் விளங்கவில்லை என்று விளக்கும் அறிக்கையே வழக்கிற் பயன்படும். ஆசிரியர் சங்கங்கள், காப்புறுதிப் பத்திரத்திற் பேச்சுப் பயிற்சி பெயர் சுட்டி இடம்பெற வேண்டும் என்று கேட்க வேண்டும். 'மீட்டல்' என்று எழுதியிருக்கும் இடத்தில் 'ஆக்கல்' என்னும் ஒரு சொல்லைச் சேர்ப்பது பெருஞ்செலவாகத் தோன்றலாம். பேசாத பிள்ளை பள்ளியின் கடைசி வாங்கில் ஆண்டுக் கணக்கில் இருந்து, பின் பள்ளியையே விட்டு நீங்குவதும் நாட்டுக்குச் செலவே. அச்செலவை எந்தக் கம்பனியும் கணக்கில் எழுதுவதில்லை; வகுப்பறையில் நிற்கும் நாம் அதனை நாடோறும் காண்கிறோம்.