தொழியில் இழுப்பது எது?

களக்காடு பக்கம் பிசான நெல் சாகுபடிக்குத் தொழி அடிக்கிற, அதாவது வயலைச் சேறாக்கி உழுகிற டிராக்டரைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். கேஜ் வீல் சேற்றில் ஆழமாக இறங்கும்போது இன்ஜின் சத்தம் கனத்துத் தாழும். நின்றுவிடும் என்றே நினைப்போம். நிற்காது, தம் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடும். அந்த இழுவைக்குக் காரணம் டார்க், அதாவது முறுக்குவிசை.

எச்.பி., அதாவது குதிரைத்திறன், வேறு. அது வேலை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்ற கணக்கு. முறுக்குவிசையும் இன்ஜின் சுற்றும் வேகமும் சேர்ந்ததுதான் அது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 160 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுக்கிற இன்ஜின் ஏறத்தாழ 45 எச்.பி. சின்னக் காருக்கே 80 எச்.பி. இருக்கிறதே என்று கேட்கலாம். கார் அதை 6,000 சுற்றுப் போல ஓடித்தான் எட்டுகிறது. அந்த வேகத்தில் அதன் முறுக்குவிசை சுமார் 95 தான். டிராக்டரின் டீசல் இன்ஜினுக்கோ, சுமை ஏறிச் சுற்று குறையும்போது முறுக்குவிசை கூடும், ஓர் எல்லை வரைக்கும். கியர் அதைப் பல மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது.

வண்டி வாங்கப் போகிற விவசாயிகள் எச்.பி.யோடு நின்றுவிடாமல், உச்ச டார்க் எவ்வளவு, எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்று அவசியம் கேளுங்கள். குறைந்த சுற்றிலேயே கிடைத்தால் சேற்று உழவுக்கு நல்லது. ரொட்டவேட்டர் ஓட்டுகிறவர்கள் பி.டி.ஓ. எச்.பி.யையும், அதாவது கருவியைச் சுற்றும் தண்டில் கிடைக்கிற எச்.பி.யையும் பார்க்க வேண்டும். அது இன்ஜின் எச்.பி.யை விடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.