இரவில் வரும் பாரம்

மயிலாப்பூரின் நிலத்துக்கடியில் அமையும் மெட்ரோ ரயில் சுரங்கத்தின் சுவர் மயிலாப்பூரில் செய்யப்படுவதில்லை. புறநகரிலுள்ள வார்ப்புக் களங்களில் வளைந்த கான்கிரீட் துண்டுகளாக உருவாகி, டிரெய்லர் லாரிகளில் ஏறி, இரவில் அது நகருக்குள் வந்து சேர்கிறது. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத் திட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர் நீளமுடையது. சுரங்கம் குடையும் இயந்திரங்களுக்கு நீலகிரி, காவேரி, அடையாறு, மயில் என்றெல்லாம் பெயர் சூட்டப்பட்டது. பசுமைவழிச் சாலையிலிருந்து ஆற்றின் அடியாகச் சென்று அடையாறு சந்திப்பில் காவேரி வெளிப்பட்டபோது, அந்தக் காட்சி செய்தியாயிற்று. அதற்கு இரவுதோறும் இரையளித்த லாரிகளுக்குப் பெயரில்லை. அவற்றை ஓட்டியோரைப் பற்றிய பேச்சும் குறைவே.

அந்த இரை எவ்வளவு என்பதை எளிய கணக்கால் உணரலாம். துளையிடும் இயந்திரம் முன்னேற முன்னேற, அதன் பின்னே கான்கிரீட் துண்டுகள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டு வளையமாகின்றன. ஒரு வளையத்தின் அகலம் ஒன்றரை மீட்டர் என்றும், அதில் ஆறு துண்டுகள் உள்ளன என்றும் கொண்டால், ஒரு கிலோமீட்டர் சுரங்கத்துக்கு ஏறக்குறைய 4,000 துண்டுகள் தேவை. போக்குக்கு ஒன்று, வரத்துக்கு ஒன்று எனச் சுரங்கங்கள் இரண்டாதலால் 8,000 துண்டுகள். ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடையுள்ளது. இவை அனைத்தும் தியாகராய நகரின் கடைவீதிகளையும் அடையாற்றின் பாலங்களையும் மயிலாப்பூரின் பழைய தெருக்களையும் ஒட்டியே சென்றாக வேண்டும்.

டிரெய்லர் லாரி இரு பகுதிகளை உடையது. முன்னே எஞ்சினும் ஓட்டுநர் அறையும் கொண்ட இழுவை வண்டி. பின்னே பக்கச் சுவரோ கூரையோ இல்லாத நீண்ட இரும்பு மேடை. மேடையின் முன்புறத்து அடியில் உள்ள தடித்த முளை, இழுவை வண்டியின் முதுகிலுள்ள வட்டத் தட்டில் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். இம்முளையை ஓட்டுநர்கள் 'கிங்பின்' என்பர். அச்சுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, இத்தகைய வண்டி பாரத்தோடு சேர்த்து அதிக அளவாக 55 டன் வரை செல்லலாம் என 2018ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு அறிவிக்கை வரையறுத்தது.

கூடுகட்டிய லாரியில் பாரத்தைச் சுவர் தாங்கும். திறந்த மேடையில் அந்தத் துணை இல்லை. ஓட்டுநரும் கிளீனரும் கட்டிய கட்டே அங்குச் சுவர். எனவே இவ்வோட்டுநரின் வேலை சாவியைத் திருப்பும் முன்பே தொடங்கிவிடுகிறது. சங்கிலி பாரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பவர் நினைப்பர். மேலாகப் போட்டு இறுக்கிய சங்கிலியின் முதன்மையான வேலை அதுவன்று. பாரத்தை அது மேடையோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். உராய்வே பாரத்தை நிலைநிறுத்துகிறது. இரும்பின்மேல் இரும்பை வைத்தால் வழுக்கும் என்பதால் இடையே மரக்கட்டைகளை இடுவர். வளைந்த சுரங்கத் துண்டுகளைக் கிண்ணங்களை அடுக்குவதுபோல் அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் கட்டை வைப்பர். அக்கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் அமைய வேண்டும்; விலகினால் அடித்துண்டு விரிசல் காணும். புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றதும் பாரம் சற்றே அமர்ந்து சங்கிலி தளரும். அப்போது வண்டியை ஓரங்கட்டி மீண்டும் இறுக்குபவரே தேர்ந்த ஓட்டுநர்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. ஓடும் வண்டியைத் திடீரென நிறுத்தினால் வண்டி நிற்கும். பாரம் நிற்க விரும்பாது. இயற்பியல் பாடத்தில் படிக்கும் நிலைமம் இங்கே ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இருபது டன் எடையுள்ள இரும்புத் தகட்டுச் சுருள் கட்டறுத்து முன்னோக்கி வந்தால், இடையிலுள்ள மெல்லிய தகடு அதனைத் தடுக்காது. ஆகவே முன்செல்லும் வண்டியிலிருந்து நெடிய இடைவெளி விட்டே அவர் ஓட்ட வேண்டும். சென்னைச் சாலையிலோ அந்த இடைவெளி வெற்றிடமாகத் தோன்ற, இருசக்கர வண்டி ஒன்று அதில் புகுந்துகொள்கிறது. புகுந்தவர் வசதியாக இடம் பிடித்ததாக எண்ணுவார். ஓட்டுநரின் கணக்கிலோ நிறுத்துவதற்கென ஒதுக்கிய தூரம் பறிபோயிற்று. மீண்டும் வேகத்தைக் குறைத்து அதை ஈட்ட வேண்டும். மேடைக்கு அப்பால் கம்பிகள் நீட்டிக்கொண்டு செல்வதற்கு ஒரு காலத்தில் விதியில் இடமிருந்தது. அவற்றில் மோதிப் பலர் உயிரிழந்த பின்னர் 2014இல் அச்சலுகை நீக்கப்பட்டது.

பாரவண்டி ஓட்டுவோரின் முன்யோசனை தமிழருக்குப் புதிதன்று. கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணர், மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறியக்கூடும் எனக் கருதி, வண்டியின் அடியில் 'சேம அச்சு' ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் பாடலால் அறிகிறோம். இன்றைய லாரியின் அடியில் தொங்கும் மாற்றுச் சக்கரம் அதன் வழித்தோன்றலே.

நெடுஞ்சாலையைவிட நகரத் தெருவே இவ்வோட்டுநரைக் கடுமையாகச் சோதிக்கிறது. நீண்ட வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே வருவதில்லை. உட்பக்கமாகக் குறுக்கே வெட்டி வருகின்றன. லஸ் முனை போன்ற சந்திப்பில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமாயின், முதலில் வண்டியை வலப்பக்கம் விலக்கி, நேரே வெகுதூரம் சென்றபின்பே வளைக்க வேண்டும். வளைத்த கணத்தில் இடப்பக்கக் கண்ணாடியை மேடையின் பக்கவாட்டே பெரிதும் மறைத்துவிடும். கதவை ஒட்டி நிற்பவர் தென்படமாட்டார். ஆகவே கிளீனர் கீழே இறங்கி நடப்பார். 'வா, வா' என்ற அவர் குரலும் வண்டியின் உடலில் தட்டும் ஓசையுமே அப்போது ஓட்டுநருக்குக் கண்கள். தாழ்ந்த மின்கம்பியும் மரக்கிளையும் மேலே. சுரங்கப்பாதையின் உயரம் முன்னே. தெற்கு உஸ்மான் சாலையையும் சி.ஐ.டி. நகரையும் இணைத்து 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட இரும்பு மேம்பாலத்தைப் போன்றவை இரும்பு உத்தரங்களால் ஆனவை. தியாகராய நகரில் அவற்றை வார்க்கவும் வளைக்கவும் இடமேது? வேறிடத்தில் செய்து, இவ்வாறே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

நகருக்குள் கனரகச் சரக்கு வண்டிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு உண்டு. அது நியாயமானதே, பள்ளி விடும் நேரத்தில் எல்.பி. சாலையில் டிரெய்லர் லாரி திரும்புவதை எவரும் விரும்பார். ஆயினும் அக்கட்டுப்பாட்டின் விலையை ஒருவர் தம் உறக்கத்தால் செலுத்துகிறார். வண்டலூர், மாதவரம், செங்குன்றம் போன்ற இடங்களின் சாலையோரங்களில் பகல் முழுவதும் காத்திருந்து, இரவில் நகருள் நுழைந்து, பாரந்தூக்கி வரும்வரை மீண்டும் காத்திருந்து, விடியுமுன் வெளியேற வேண்டும். பகலில் அவர் ஓய்வெடுக்கலாமே என்பர். மேடையில் உள்ளது திறந்த பாரம்; கண் அயர்ந்தால் சங்கிலியும் டீசலும் களவு போகும்.

ஊதியமும் இக்காத்திருப்பைப் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களை மையமாகக் கொண்ட லாரித் தொழிலில் ஓட்டுநருக்கு 'நடை'க்கு இவ்வளவு எனப் பேசுவதும், அதனோடு படி தருவதும் நெடுநாள் வழக்கம். நடை என்பது ஒரு தடவைப் பயணம். ஒரே பாரத்துக்காக இரண்டு இரவு காத்திருந்தாலும் நடை ஒன்றே. ஆகவே இழந்த நேரத்தைச் சாலையில் மீட்க வேண்டும் என்ற உந்துதல் எழுகிறது. விபத்து பிறக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலையை வரையறுத்தது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே அச்சட்டம் பொருந்தியது. ஓரிரு லாரிகளை மட்டும் வைத்திருக்கும் உரிமையாளர்கள் இத்தொழிலில் எத்தனை பேர் என்பதை எண்ணினால், அந்த எல்லைக்கு வெளியே நின்ற ஓட்டுநர்களின் நிலை விளங்கும்.

ஓட்டுநர் அறையின் வெப்பம் அண்மையில் சட்டத்தின் பார்வைக்கு வந்துள்ளது. 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம். அதற்கு முன் உருவான வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றின் ஓட்டுநர்கள் எஞ்சினின் வெப்பத்தை அருகிலேயே வைத்துக்கொண்டு சித்திரை வெயிலைக் கடப்பர். புதிய வண்டியிலும் ஓர் இடர்ப்பாடு எஞ்சியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போதுதான் குளிர்சாதனம் இயங்கும். பகற்பொழுதில் வெளிவட்டச் சாலையின் ஓரத்தில் வண்டி நிற்கும்போது, டீசலை மிச்சப்படுத்த எஞ்சின் அணைந்திருக்கும். அவர் உறங்க வேண்டிய நேரமும் அதுவே.