காரின் ஆட்டத்தை அடக்கும் சின்னத் திருகு!

மெத்தென்றும் போகவேண்டும், வளைவில் சாயவும் கூடாது! முடியுமா?

குதிரைக்குச் சேணம் செய்த ஒரு கம்பெனி, பிற்காலத்தில் மோட்டார் கார்களின் ஆட்டத்தை அடக்கியது!

நெதர்லாந்து நாட்டில் ராட்டர்டாம் நகருக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கே 1857-ம் ஆண்டில் டி கோனிங் என்பவர் சேணம் செய்யும் தொழிலைத் தொடங்கினார்.

காலம் மாறியது. குதிரை வண்டிகள் குறைந்தன. கார்கள் பெருகின. 1932-ம் ஆண்டில் அந்தக் கம்பெனி கார்களுக்கு "ஷாக் அப்சார்பர்" செய்யத் தொடங்கியது. அதுதான் "கோனி" கம்பெனி.

திருகினால் இறுகும், தளர்த்தினால் இளகும் ஷாக் அப்சார்பர்களே அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. 1960-களில் பெராரி கார்களிலும் அவை இருந்தன. சாதாரணக் கார் வைத்திருப்பவர்களும் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

ஸ்பிரிங்கும் எண்ணெயும்

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். சக்கரம் மேட்டில் ஏறினால் ஸ்பிரிங் சுருங்கும். பிறகு நீளும். மறுபடி சுருங்கும். கீழே போட்ட பந்தைப்போலக் கார் குதித்துக்கொண்டே இருக்கும்.

அந்தக் குதிப்பை நிறுத்துவதே ஷாக் அப்சார்பரின் வேலை. அது ஒரு குழாய். உள்ளே எண்ணெய். எண்ணெயில் சிறு துளைகள் உள்ள ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும்.

தேன் நிறைந்த பாத்திரத்தில் கரண்டியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எளிதில் வரும். வேகமாக இழுத்தால் கையைப் பிடித்து இழுக்கும்! ஷாக் அப்சார்பரில் நடப்பதும் இதுதான். காரின் குதிப்பு எண்ணெயில் சூடாக மாறி அடங்கிவிடுகிறது.

திருகினால் என்ன ஆகும்?

எண்ணெய் போகும் வழி குறுகும். தடை கூடும். கோனியின் பழைய வகையில், ஸ்பிரிங் நீளும்போது உள்ள தடை மட்டுமே இப்படி மாறும்.

தளர்வாக இருந்தால் சிறு பள்ளங்கள் தெரியாது. ஆனால் பெரிய மேட்டைத் தாண்டியதும் கார் படகுபோல் ஆடும். ஸ்டீரிங்கைத் திருப்பினால் சட்டென்று சாயும்.

இறுக்கினால் கார் சொன்னபடி கேட்கும். சரி, முழுவதும் இறுக்கிவிடலாமே?

அங்கேதான் ஆபத்து! கரடுமுரடான சாலையில், சுருங்கிய ஸ்பிரிங் நீளுவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்க நேரம் இருக்காது. தரையைத் தொடாத டயர் காரைத் திருப்பாது. பிரேக் போட்டாலும் நிறுத்தாது. கார் கெட்டியாக இருக்கிறது என்று நினைப்பவர் உண்மையில் பிடிப்பை இழந்துகொண்டிருப்பார்.

தாழ்ந்த கார் அழகா?

சில சாதனங்களில் காரின் உயரத்தையும் குறைக்கலாம். பார்வைக்கு அழகுதான். ஆனால் ஸ்பிரிங் அசைவதற்கு உள்ள இடம் அதனால் குறையலாம். நாலு பேர் ஏறிய பிறகு ஒரு பள்ளம் வந்தால், "தடார்!" என்று அடி வாங்கும். அந்த அடி உட்கார்ந்திருப்பவர்களின் முதுகில் இறங்கும்.

இன்னொன்று: வளைவில் கார் எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதை ஷாக் அப்சார்பர் மாற்றும். நீண்ட வளைவில் கடைசியில் எவ்வளவு சாய்கிறது என்பதோ ஸ்பிரிங்கையும், சாய்வைத் தடுக்கும் குறுக்குக் கம்பியையும் பொறுத்தது. கார் அதிகம் சாய்கிறதே என்று திருகை மட்டும் இறுக்கினால் பயன் இல்லை.

எப்படித் திருத்துவது?

முதலில் டயர்களில் காற்றைச் சரிபாருங்கள். காற்று அதிகமானாலும் கார் தூக்கிப் போடும். பழியோ ஷாக் அப்சார்பர் மேல் விழும்!

திருகை மிகத் தளர்ந்த நிலையில் வைத்து ஆரம்பியுங்கள். தினமும் போகும் சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் அடங்காவிட்டால் கொஞ்சம் இறுக்குங்கள். ஒரே நாளில் பல மாற்றங்கள் வேண்டாம். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எண்ணெய் கசிந்தால் திருகுவதில் பயன் இல்லை. மாற்றத்தான் வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

மேட்டைத் தாண்டிய கார் ஒரே அசைவில் அமைதியாக வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்குவது வீண் பெருமை.

தீர்ப்பை ஓட்டுபவர் மட்டும் சொல்லக்கூடாது. அவர் கையில் ஸ்டீரிங் இருக்கிறது. பள்ளம் வருவது கண்ணுக்குத் தெரிகிறது. உடம்பு தானாகத் தயாராகிவிடும். பின் இருக்கையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் ஏறக்குறைய பின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே வீட்டில் வயதான ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள். இறங்கும்போது அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டால், திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள்!