சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து வரும் ரத்தம்

கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், சுமார் ஐந்து வாரம். மலைமேல் இருக்கும் கம்போங் ராஜாவிலிருந்தோ புளூ வேலி தோட்டத்திலிருந்தோ கோலாலம்பூருக்குத் தினமும் போய்வர முடியுமா? உறவுக்காரர் வீட்டில் தங்கித்தான் முடித்து வருகிறார்கள். வந்து ஓராண்டு நன்றாக இருந்தவருக்கு ஒரு காலை கழிப்பறையில் சிவப்புச் சொட்டுகள். "மூலமாத்தான் இருக்கும்" என்று பக்கத்து வீட்டு அக்கா கருணைக்கிழங்கு மசியல் கொண்டுவருவார். மசியல் ருசியானதுதான், ஆனால் இந்த ரத்தத்தை நிறுத்தாது.

கருப்பைவாயை ஒட்டிப் பின்னால் இருப்பது மலக்குடல். சிறுகுடல்போல அது நகர்ந்து ஒதுங்காது. கதிரில் ஒரு பங்கு அதன் மேலும் விழுகிறது. அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் உள்ளுக்குள்ளே மெல்லத் தடித்து அடைபடுகின்றன. ரத்தம் போதாத சுவரில் புதிய குழாய்கள் முளைக்கின்றன; மெல்லியவை, மேலாகவே கிடப்பவை. மலம் இறுகி உரசினாலே கசியும். அதனால்தான் ரத்தம் ஆறு மாதம், இரண்டு வருடம் கழித்து, சிலருக்கு இன்னும் தாமதமாக வருகிறது. வேறு புற்றுக்காகக் கதிர்பட்டது இரைப்பையென்றால், அங்கே கசியும் ரத்தத்தால் மலம் தார்போலக் கறுக்கும்.

புற்று திரும்பியதா என்றும் பார்க்க வேண்டும் என்பதால் குழாய்க் கேமரா சோதனை தேவை. ஆனால் அதற்கு முன் "எனக்கு இந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்தார்கள்" என்று சொல்லியே ஆக வேண்டும். பழைய சீட்டையும் காட்டுங்கள். கதிர்பட்ட சுவரில் சதை கிள்ளி எடுத்தால் புண் ஆறாமல் ஓட்டை விழக்கூடும். இது தெரிந்த மருத்துவர் யோசித்துத்தான் கை வைப்பார்.

லேசான கசிவுக்கு மலம் இளக மருந்தும் இரும்புச் சத்தும் போதலாம். அடுத்தது, சுக்ரால்ஃபேட் என்னும் மருந்தைக் கரைத்து ஆசனவாய் வழியே செலுத்துவது. இதன் பலனைச் சோதித்துக் காட்டிய முக்கியமான ஆய்வு 1991இல் சண்டிகரிலிருந்து வந்தது. நிற்காவிட்டால் ஆர்கான் வாயு வழியே மின்சாரம் பாய்ச்சி, தொடாமலேயே அந்தக் குழாய்களைச் சுடுகிறார்கள். சில தடவை திரும்பச் செய்ய வேண்டிவரும். ஃபார்மலின் தடவுவதும் உண்டு. அதற்கும் மசியாததற்கு, அழுத்த அறையில் தூய ஆக்சிஜன், முப்பது நாற்பது அமர்வுகள். முக்குளிப்போருக்கும் பயன்படும் அறை இது. லூமுட் இராணுவ மருத்துவமனையில் இருக்கிறது.

இடுப்பு வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோபென் என்று நீங்களாக விழுங்காதீர்கள். ரத்தம் உறைய விடாத மருந்து சாப்பிட்டுவந்தால் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கட்டி கட்டியாக ரத்தம், தலைசுற்றல், கறுத்த மலம் என்றால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சிம்பாங் பூலாய் வழியே ஈப்போவுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அவர்களே ஏற்பாடு செய்வார்கள்.

இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுக்க வைக்கும். மருத்துவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள். தேயிலை ஊரில் சொல்லச் சங்கடமான ஒன்று: அந்த மாத்திரையைத் தேத்தண்ணியோடு போட்டால் உடம்பில் சரியாக ஒட்டாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.