டொயோட்டாவைத் தாண்டிய டீசல் கனவு: கொச்சியில் பழைய பேட்ரோல், டிஃபெண்டர் தேடுபவர்கள் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மட்டாஞ்சேரியில் காயல் ஓரமாக நின்று கிழக்கே பார்த்தால் வில்லிங்டன் தீவு தெரியும். கொச்சித் துறைமுகமும் சுங்க அலுவலகமும் இருக்கும் இடம் அது. கேரளத்தின் கார் ஆர்வலர்களுக்கு அந்தத் தீவின் மேல் 2025-ல் ஒரு புதுக் கவனம் வந்தது.

காரணம், 'ஆபரேஷன் நும்கோர்'. பூடான் மொழியில் நும்கோர் என்றால் வாகனம். 2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் 30-க்கும் மேற்பட்ட இடங்களில் சுங்கத்துறை சோதனை நடத்தியது. முதல் நாளிலேயே 36 வண்டிகள் பறிமுதல். பூடான் வழியாகச் சட்டவிரோதமாக வந்த 150 முதல் 200 வண்டிகள் கேரளத்தில் இருக்கலாம் என்பது சுங்கத்துறையின் கணக்கு. பேசப்பட்ட பெயர்கள் லேண்ட் குரூஸர், லேண்ட் ரோவர் டிஃபெண்டர், நிஸான் பேட்ரோல். டீசல் பிரியர்களின் கனவுப் பட்டியலும் கிட்டத்தட்ட இதேதான்.

சமூக வலைதளத்தில் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு 'கொச்சியில சீப்பா கிடைக்குது, கோயம்புத்தூருக்கு ஓட்டிட்டு வந்துடலாமா?' என்று யோசிக்கிறீர்களா? இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

வழக்கமான டீசல் எது?

கேரளத்தில் குடும்பத்துக்கு ஒரு நம்பகமான டீசல் வேண்டும் என்றால் முதலில் வாயில் வருவது டொயோட்டா. 2000-ல் குவாலிஸ், 2005-ல் இன்னோவா, 2009-ல் ஃபார்ச்சூனர், 2016-ல் இன்னோவா கிரிஸ்டா என்று வரிசையாக வந்தன. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடினாலும் எஞ்சின் அசையாது, விற்றாலும் விலை இறங்காது என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் டீசல் கார்களுக்கான இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2012–13-ல் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேல் டீசல். இப்போது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனதும், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை இடைவெளி சுருங்கிப்போனது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் மாருதி, ஃபோக்ஸ்வேகன், ரெனோ எல்லாம் டீசலுக்கு டாட்டா காட்டின. டொயோட்டாவின் இன்னோவா ஹைகிராஸிலேயே டீசல் எஞ்சின் கிடையாது.

ஷோரூமில் தேர்வு குறையக் குறைய, ஆர்வலர்களின் கண் பழைய வண்டிகள் பக்கம் திரும்புகிறது.

கனவுப் பட்டியலில் யார் யார்?

நிஸான் பேட்ரோல்: ஒய்60 (1987 முதல்), ஒய்61 (1997 முதல்) என்ற இரண்டு தலைமுறைகளுக்குத்தான் மவுசு. டீசல் ரகத்தில் பெரிய பெயர் டிடி42 என்ற 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். வளைகுடாவில் ஓடும் பேட்ரோல்கள் பெரும்பாலும் பெட்ரோல் என்பதால், டீசலுக்குக் கூடுதல் கிராக்கி. பேட்ரோல் நமக்கு முற்றிலும் அந்நியம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஜபல்பூர் ஆலையில் ராணுவத்துக்காக 1999 வரை தயாரான ஜோங்கா, பழைய பேட்ரோல் வடிவமைப்பில் உருவானதுதான்.

லேண்ட் ரோவர் டிஃபெண்டர்: 1983-ல் தொடங்கிய வடிவம், 1990-ல்தான் டிஃபெண்டர் என்ற பெயர் பெற்றது. 2016 ஜனவரி 29 அன்று இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. 200டிடிஐ, 300டிடிஐ, டிடி5 டீசல் எஞ்சின்களைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவார்கள். டாடா 2008-லேயே அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டாலும், டிஃபெண்டர் இந்திய ஷோரூமுக்கு வந்தது 2020-ல், அதுவும் புதுத் தலைமுறையாக.

மெர்சிடிஸ் டபிள்யூ123, டபிள்யூ124: 1976 முதல் ஏறத்தாழ 27 லட்சம் டபிள்யூ123 கார்கள் தயாராயின. உலகின் பல நாடுகளில் டாக்ஸியாக உழைத்த 240டி, 300டி எல்லாம் இந்தக் குடும்பம். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் அந்தக் காலத்தில் கொண்டுவந்த வண்டிகள் கேரளத்தில் இன்றும் அங்கங்கே கண்ணில் படும். அடுத்து வந்த டபிள்யூ124 இந்தியாவிலேயே தயாரானது. 1994-ல் நிறுவப்பட்ட மெர்சிடிஸ்-பென்ஸ் இந்தியா, புனேயில் முதலில் செய்த கார் இதுதான். அதில் ஐந்து சிலிண்டர் கொண்ட இ250 டீசலுக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு.

மிட்சுபிஷி பஜேரோ: 2.8 லிட்டர் டீசலோடு 2002-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வழியாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. நம்ம திருவள்ளூர் ஆலையோடு சேர்த்துப் பேசப்படும் வண்டி.

பட்டியலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இ250 டீசலும் பஜேரோவும் இந்தியாவில் முறையாக விற்றவை. பேட்ரோலும் பழைய டிஃபெண்டரும் அப்படி இல்லை. உங்கள் பணத்துக்கான ஆபத்து எவ்வளவு என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது இந்தக் கோடுதான்.

பழைய டீசலில் அப்படி என்ன இருக்கு?

வேகம் கிடையாது. எண்களைப் பாருங்கள். 240டியின் 2.4 லிட்டர் எஞ்சின் தரும் சக்தி 72 குதிரைத்திறன் வரைதான். அதே 2.4 லிட்டரில் இன்னோவா கிரிஸ்டா தருவது 150. டர்போ இல்லாத 4.2 லிட்டர் டிடி42 கூட 125-ஐத் தாண்டாது.

ஈர்ப்பு எளிமையில்தான் இருக்கிறது. டிடி5 போன்ற பிற்கால எஞ்சின்களைத் தவிர, இவற்றில் பலவற்றில் டீசலைத் தெளிப்பது முழுக்க இயந்திர வகை பம்ப். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால், தொடர்ந்து ஓட அதற்கு மின்சாரம்கூடப் பெரிதாகத் தேவைப்படாது. காடோ மலையோ, எங்கே நின்றாலும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த மெக்கானிக் சரி செய்துவிடலாம். கனமான இரும்பு பிளாக், குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவை, மெதுவான ஓட்டம் எல்லாம் சேர்ந்து நீண்ட ஆயுளைத் தருகின்றன.

அதே எளிமைக்கு இன்னொரு முகமும் உண்டு. புகையை வடிகட்டும் ஃபில்டரோ, நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் கருவியோ அதில் கிடையாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் வகைப்படுத்தியது. மட்டாஞ்சேரி பஜார் ரோடு மாதிரி, இரண்டு பக்கமும் பழைய மசாலா கிடங்குகள் நெருக்கி நிற்கும் தெருவில், கிட்டத்தட்ட 2 மீட்டர் அகல பேட்ரோல் ஒன்று உறுமிக்கொண்டு நின்றால், அந்தப் புகையைச் சுவாசிப்பவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் இல்லை.

நேர்வழியில் கொண்டுவர முடியாதா?

முடியும், ஆனால் வழி ரொம்பக் குறுகல். பழைய காரை இறக்குமதி செய்ய மூன்று முக்கிய நிபந்தனைகள் உண்டு:

• தயாரித்து 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.
• ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும்.
• மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும்.

அதாவது, மட்டாஞ்சேரிக்கு எதிரே கப்பல் துறை இருந்தும், ஒரு பழைய கார் நிரந்தர இறக்குமதியாக அங்கே இறங்க முடியாது. துபாய் நம்பரோடு கேரள ரோடுகளில் நீங்கள் பார்க்கும் வண்டிகள் 'கார்னே' என்ற தற்காலிக அனுமதியில் வருபவை. குறிப்பிட்ட காலத்துக்குள் அவை திரும்பிப் போயாக வேண்டும், இங்கே விற்க முடியாது.

அடுத்தது வரி. பழைய காருக்கு அடிப்படைச் சுங்க வரி 70%, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 67.5%, ஆக மொத்தம் 137.5%. அதற்கு மேல் ஜிஎஸ்டி, பெரிய வண்டி என்றால் 40%. ₹10 லட்சம் மதிப்புள்ள வண்டிக்கு ₹13.75 லட்சம் சுங்கம். இரண்டையும் கூட்டிய ₹23.75 லட்சத்துக்கு 40% என்றால் ₹9.5 லட்சம். வீட்டு வாசலுக்கு வரும்போது அது ₹33 லட்சத்தைத் தாண்டிய வண்டி.

20 வயது பேட்ரோலுக்கோ வரியைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்று ஆண்டு விதியிலேயே அது வெளியே போய்விடுகிறது.

அப்போ பூடான் எங்கே வந்தது?

பூடானிலும் ஸ்டீயரிங் வலது பக்கம்தான். நம் எல்லை ஊரான ஜெய்கானும் பூடானின் பூந்த்ஷோலிங்கும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பூடானில் பயன்படுத்திய வண்டிகளை இந்தியாவுக்குள் கொண்டுவந்து, ராணுவம், வெளிநாட்டுத் தூதரகம் போன்றவற்றின் பெயரில் போலி ஆவணங்கள் தயாரித்து, வேறு மாநிலங்களில் பதிவு செய்து, பிறகு கேரளத்தில் விற்றார்கள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு.

இது இன்னும் குற்றச்சாட்டுதான் என்பதையும் மனதில் வையுங்கள். நடிகர் துல்கர் சல்மான் தன் டிஃபெண்டர் பறிமுதல் செய்யப்பட்டதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். ஆவணங்களை நம்பி முறையாக வாங்கியதாகச் சொன்னார். வண்டியைத் தற்காலிகமாக விடுவிப்பது பற்றிப் பரிசீலிக்கும்படி 2025 அக்டோபரில் சுங்கத்துறைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

'எனக்குத் தெரியாது' என்றால் தப்பிக்கலாமா?

ஓரளவுக்குத்தான். சுங்கச் சட்டத்தில் பறிமுதல் என்பது பொருளைத் தொடர்ந்து வரும். வண்டி கடத்தி வரப்பட்டது என்று முடிவானால், நீங்கள் நான்காவது உரிமையாளராக இருந்தாலும் அது கையை விட்டுப் போகலாம். தெரியாமல் வாங்கினேன் என்று காட்டினால் தனிப்பட்ட தண்டனையிலிருந்து தப்ப உதவலாம், கொடுத்த பணம் திரும்பி வராது. பிணை கட்டித் தற்காலிகமாக எடுத்து ஓட்டவும், பிறகு அபராதம் கட்டி மீட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. தடை செய்யப்பட்ட இறக்குமதி என்றால் இந்த மீட்பு அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது.

10 வருடம், 15 வருடம்: கேரளத்தில் எது?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு 2016 மே 23 அன்று ஓர் உத்தரவு போட்டது. பொதுப் போக்குவரத்து தவிர, 2,000 சிசி-க்கு மேற்பட்ட புது டீசல் வண்டிகளைக் கேரளத்தில் பதிவு செய்யக் கூடாது, கொச்சி உள்ளிட்ட 6 நகரங்களில் 10 வயதைத் தாண்டிய டீசல் ஓடக் கூடாது என்றது. சில வாரங்களுக்குள் கேரள உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எனவே டெல்லியின் 10 வருடக் கதையை அப்படியே கேரளத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

பொதுவான விதி இதுதான்: தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். ஆனால் கட்டணம் சும்மா இல்லை. 2025 ஆகஸ்ட் அறிவிக்கையின்படி, 20 வயதைத் தாண்டிய இறக்குமதி காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் ₹80,000.

'விண்டேஜ் என்று பதிவு பண்ணிடலாம்' என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு வண்டிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். 1976-ல் வந்த முதல் டபிள்யூ123-கூட 2026-ல்தான் அந்த வயதைத் தொடுகிறது. விண்டேஜ் பதிவு வாங்கினாலும் தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு மாதிரியான தேவைகளுக்கு மட்டும்தான் அனுமதி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

1. இரண்டு தேதிகள்: தயாரித்த ஆண்டையும் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவான ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 2004-ல் தயாரான வண்டி 2015-ல் முதல் பதிவு என்றால், நடுவே 11 வருடம் அது எங்கே இருந்தது? இந்த ஒரு கேள்வியே பல பொய்களை உடைத்துவிடும்.

2. பில் ஆஃப் என்ட்ரி: இறக்குமதி வண்டிக்குச் சுங்கத்தில் கொடுக்கும் ஆவணம் இது. அசலைக் கேளுங்கள். அதிலுள்ள சேஸி எண், வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண், ஆர்சி-யில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பொறித்த இடத்தில் வெல்டிங் தழும்போ புதுப் பெயின்ட்டோ தெரிந்தால் நடையைக் கட்டுங்கள்.

3. முதல் உரிமையாளர் யார்: தூதரகம், சர்வதேச அமைப்பு, ராணுவ ஏலம் என்றால் அந்த விற்பனைக் கடிதமும், வரி விலக்கில் வந்த வண்டியாக இருந்தால் பிறகு வரி கட்டிய ரசீதும் வேண்டும். கடிதத்தின் எண்ணை அந்த அலுவலகத்துக்கே எழுதிச் சரிபாருங்கள்.

4. என்ஓசி: வேறு மாநில வண்டி என்றால், முதலில் பதிவான ஆர்டிஓ-விடமிருந்து படிவம் 28 வந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு கட்டாயம். வரியும் உண்டு.

5. விலை: இதே வண்டியை முறையாகக் கொண்டுவர ஆகும் செலவை மேலே உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள். கேட்கும் விலை அதில் பாதிகூட இல்லை என்றால், கட்டாத வரிதான் அந்தத் தள்ளுபடியாக இருக்கலாம்.

டொயோட்டாவைத் தாண்டி ஒரு பழைய டீசல் வேண்டும் என்ற ஆசை தீரவில்லையா? கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள இ250 டீசலையோ பஜேரோவையோ முதலில் தேடுங்கள். அவற்றுக்கு இந்தியாவில் பில் போட்ட டீலர் உண்டு, வரி கட்டிய கணக்கு உண்டு. உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும், மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் ஒரு காலையில் சுங்கத்துறை வந்து வீட்டுக் கதவைத் தட்டும் பயம் இருக்காது.